வாகிசாகா ஸாரின் வயிறு

"பசங்களா, ஸாருக்கு வயித்தைக் கலக்குது. பெரிய வேலைதான். கழிப்பறைக்குப் போயிட்டு வரேன்."

இடைவேளை மணி அடித்ததும் நான்காம் வகுப்பு வாகிசாகா ஸார் தினமும் இப்படி ஊருக்கே கேட்கும்படி சொல்லிவிட்டுத்தான் கிளம்புகிறாராம். போதாக்குறைக்கு, இன்றைக்குத் தன் வயிறு எப்படி என்று கரும்பலகை ஓரத்தில் படம் வேறு போடுகிறாராம். நல்ல நாளென்றால் சூரியன், மோசமென்றால் குடை.

பக்கத்து வீட்டுக்காரி சிரித்துச் சிரித்துச் சொன்னாள். சிகுசாவுக்குச் சிரிப்பு வரவில்லை. பற்றிக்கொண்டு வந்தது.

அவள் மகன் ரித்ஸுவும் அதே வகுப்புதான். ஒரு வருஷமாக வயிறு அவனைப் பாடாய்ப் படுத்துகிறது. எல்லாச் சோதனையும் செய்துவிட்டு, நோய் ஒன்றுமில்லை, குடல்தான் கொஞ்சம் ரோஷக்காரக் குடல் என்று டாக்டர் சொல்லிவிட்டார். தினமும் சாப்பாடு முடிந்ததும் அம்மாவும் பிள்ளையும் உட்கார்ந்து, என்ன தின்றான், எப்போது வலித்தது என்று கைபேசியில் குறித்துவைப்பார்கள். புளித்த பால், நாத்தோ என்கிற புளித்த சோயா, நல்ல கிருமிகள் அடங்கிய பொடி என்று அவள் கொடுத்துப் பார்க்காதது இல்லை.

பள்ளிக்கூடத்தில் மட்டும் அவன் போகவே மாட்டான். ஜப்பானில் இந்த நாகானோ பக்கத்துப் பள்ளிகளில் பையன்கள் நின்றபடி முடித்துவிட்டு வந்தால் தொல்லையில்லை. கதவு போட்ட அறைக்குள் ஒருவன் நுழைந்தானோ, தீர்ந்தது. வெளியே வருவதற்குள் பட்டப்பெயர் தயாராக இருக்கும். போன வருஷம் ஒருமுறை ரித்ஸு அப்படி மாட்டிக்கொண்டான். அதிலிருந்து அடக்கி அடக்கி வைத்து, வீட்டுக்கு ஓடிவந்து சுருண்டு படுப்பான். கடைசியில் பள்ளிக்கூடமே வேண்டாமென்று அழ ஆரம்பித்தான். ஸாரிடம் சொல்லக் கூடாது என்று அம்மாவிடம் சத்தியம் வேறு வாங்கிக்கொண்டான்.

இந்தப் பருவத்தில்தான், புதுப் பொடி வந்த பிறகு, கைபேசியில் வலியில்லாத நாட்கள் வரிசையாக விழுந்தன. காலையில் அவனே பையை மாட்டிக்கொண்டு கிளம்புகிறான். அந்த நேரம் பார்த்து ஒரு வாத்தியார் வயிற்றுக் கோளாறைக் கூத்தாக்கினால் பெற்றவளுக்கு எப்படி இருக்கும்?

மறுநாளே பள்ளிக்குப் போய், வாசலில் செருப்பை மாற்றிக்கொண்டு, ஸார் முன்னால் நின்றாள்.

"வயித்து வலி உங்களுக்கு விளையாட்டா ஸார்? நிஜமாவே அவஸ்தைப்படுற பிள்ளைங்க வகுப்புல இருந்தா, அதுங்க மனசு என்ன பாடுபடும்?"

வாகிசாகா எழுந்து இடுப்பு வளையக் குனிந்து மன்னிப்புக் கேட்டார். படம் போடுவதை இன்றோடு நிறுத்திவிடுவதாகச் சொன்னார். இடைவேளையில் சொல்லிவிட்டுப் போவதை மட்டும் இந்தப் பருவம் முடியும்வரை பொறுத்துக்கொள்ளச் சொன்னார்.

"அதுல மட்டும் என்ன ஸார் பிடிவாதம்?"

"என் வயிறு அப்படி, ரித்ஸு அம்மா."

"சரி. நாளைக்கு நான் தலைமையாசிரியரைப் பாக்குறேன்."

"தாராளமா பாருங்க. உங்க கோபம் நியாயம்தான்" என்று மறுபடியும் குனிந்தார்.

அன்று சாப்பிட்டு முடித்ததும் வழக்கம்போல் கைபேசியை எடுத்தாள். இன்றைக்கும் வலி இல்லை என்றான் ரித்ஸு. எல்லாம் பொடியின் மகிமை என்று பூரித்துப்போனவள், அந்த வாத்தியார் கூத்துக்கு நாளையோடு முடிவு கட்டப்போவதையும் சொன்னாள்.

பையன் முகம் வெளுத்துவிட்டது.

"வேண்டாம்மா. ஸார் போகலேன்னா நான் எப்படிப் போவேன்?"

"எங்கேடா?"

தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு சொன்னான். ஸார் கிளம்பினால் பையன்களெல்லாம் பின்னாலேயே ஓடிப்போய் அவர் கதவைச் சுற்றி நின்றுகொண்டு சிரிப்பார்களாம். பக்கத்துக் கதவுக்குள் எவன் நுழைகிறான் என்று ஒருத்தனும் திரும்பிப் பார்ப்பதில்லையாம். இந்தப் பருவம் முழுக்க அவன் அப்படித்தான் போய்வந்திருக்கிறான்.

சிகுசா கைபேசியைக் கீழே வைத்தாள். அந்த மனிதரை என்னவெல்லாம் கேட்டுவிட்டோம் என்று நொந்துகொண்டாள்.

"பாவம்டா, அவருக்கும் உன்னை மாதிரியே வயிறு போலிருக்கு" என்றாள்.

"அவருக்கு ஒண்ணுமே இல்லம்மா. தடுப்புக்குக் கீழே இடுக்கு வழியா அவர் செருப்பு எனக்குத் தெரியும், உள்ளே போய் சும்மாதான் நிக்கிறாரு. நான் தண்ணி விட்டதும் அவரும் விடுவாரு. நான் கை கழுவிட்டு ஓடின பிறகுதான் கதவையே திறப்பாரு."