அரிசியளவு மனிதர்கள்

இருபத்தைந்து வருடம் கழித்து எழப்போகும் கணினி நகரத்தைக் கண்காட்சிக்காக அட்டையில் செய்திருந்தாள் ரெஜினா. தெருவெல்லாம் அரிசியளவு பொம்மை மனிதர்களை ஒட்டியிருந்தாள். அலுவலக வாசலில் நின்ற நீலச்சட்டைக்காரனுக்கு மட்டும், மென்பொருள் வேலைக்குப் போகும் தன் கணவன் அமலின் தொந்தியை வைத்திருந்தாள்.

பார்வையிட வந்த அதிகாரி உதட்டைப் பிதுக்கினார். "அந்தக் காலத்துல எல்லாத்தையும் கம்ப்யூட்டரே பாத்துக்கும், இவ்வளவு பேருக்கு இங்க வேலை இருக்காதும்மா. முக்கால்வாசிப் பேர எடுத்துடுங்க."

"யார எடுக்கறது சார்?"

"யாரா இருந்தா என்ன?" என்றபடி அவரே நீலச்சட்டைக்காரனைப் பிடுங்கினார். இடுப்புவரைதான் கையோடு வந்தான். பசையில் இறுகிய கால்கள் அங்கேயே நின்றன.

பிளேடால் சுரண்டினாள். சாலைதான் கிழிந்தது.

"விடுங்க, மேல ரோடு கலர் அடிச்சிடுங்க."

அடித்தாள். சாம்பல் பூசிய பின்னும் அந்தக் கால்கள் உள்ளே போகக் கிளம்பியவை போலவே நின்றன.