கைக்கு ஏத்த மரம்

"கண்ணை மூடிக்கிட்டு இதைப் பிடிங்க தங்கச்சி" என்றான் பெத்துராஜ்.

பாண்டியராஜனுக்கு அதுவே பிடிக்கவில்லை. துப்பாக்கிக்குப் பிடி செய்து தரச் சொன்னால் செய்து தரவேண்டியதுதானே. கண்ணை எதற்கு மூடவேண்டும்?

அவன் மனைவி வேல்விழி போலீஸ்காரி. துப்பாக்கி சுடும் போட்டியில் மாவட்டத்திலேயே முதலாவதாக வந்தவள். மாநில அணிக்கு ஆள் எடுக்க இன்னும் ரெண்டே மாசம். கொஞ்ச நாளாகக் குறி தப்பிக்கொண்டே இருந்தது.

"பிடி கையில நிக்க மாட்டேங்கு" என்றாள். கம்பெனிப் பிடி ஆம்பளைக் கைக்கானது, அதுதான் காரணம் என்றார் கோச். சங்கரன்கோவிலில் பெத்துராஜ் என்றொரு தச்சன் கைக்குத் தகுந்தமாதிரி மரத்தில் பிடி செதுக்கித் தருவான் என்றும் அவர்தான் சொன்னார். கரிவலம்வந்தநல்லூரிலிருந்து புருசனும் பெண்டாட்டியும் துப்பாக்கிப் பெட்டியோடு பைக்கில் வந்திருந்தார்கள்.

பெத்துராஜ் மேஜைமேல் நாலு கட்டைகளை வைத்தான்.

"இது தேக்கு. இழை முரடு. இது ஈட்டி. பார்க்க லெச்சணம், ஆனா கனம். அறுபது தடவை சுடுததுக்குள்ள கை சோர்ந்துரும். வேங்கையும் பூவரசும் மிச்சம். எது ஒங்க கைக்குச் சரின்னு கைதான் சொல்லணும்."

வேல்விழி கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாகப் பிடித்தாள். பூவரசு கைக்கு வந்ததும், "இதுதான்" என்று சிரித்தாள்.

பெத்துராஜ் சிரிக்கவில்லை. அவளுடைய உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தான். சுண்டுவிரலைத் தடவினான். அமுக்கினான். "தெரியுதா?" என்றான். அப்புறம் முழங்கைப் பக்கம் தொட்டுப் பார்த்தான்.

"என்னவே, பிடிக்கு அளவெடுக்கேரா, ஜாக்கெட்டுக்கு அளவெடுக்கேரா?" என்றான் பாண்டியராஜன்.

கடையில் இருந்த ரெண்டு மூணு பேர் திரும்பிப் பார்த்தார்கள். பெத்துராஜ் கையை எடுத்துவிட்டான்.

"இப்போ செய்ய முடியாது அண்ணாச்சி. பூவரசு பச்சையா இருக்கு. ஆறு மாசம் காயணும்."

பாண்டியராஜன் கட்டையை எடுத்து மேஜையில் தட்டினான். 'டங்'கென்று கேட்டது.

"இதா பச்சை? யார்கிட்டவே கதை விடுதேரு? அவளுக்கு ரெண்டு மாசத்துல செலக்ஷன்."

"என்ன செய்ய, இந்தத் தடவை விட்டுருங்க" என்று முணுமுணுத்துக்கொண்டே பெத்துராஜ் துப்பாக்கியைப் பெட்டிக்குள் வைத்தான். கூடவே ஒரு துண்டுச் சீட்டையும் மடித்துச் சொருகினான்.

பாண்டியராஜன் அதைப் பார்த்துவிட்டான். வெடுக்கென்று பிடுங்கிப் பிரித்தான்.

ஒரு போன் நம்பர். கீழே, 'தனியா இருக்கும்போது பேசுங்க.'

"அடப்பாவி!" பாண்டியராஜன் அவன் சட்டையைப் பிடித்தான். "நான் பக்கத்துல நிக்கும்போதே என் பெண்டாட்டிக்குச் சீட்டுக் குடுக்கியா?"

"அண்ணாச்சி, சத்தம் வேண்டாம். வெளிய வாங்க, சொல்லுதேன்."

"வெளிய எதுக்கு? இங்கனயே கேப்போம்."

கதவு வாங்க வந்திருந்த தங்கப்பழம், "விடாதீங்க அண்ணாச்சி, போன் போட்டுப் பாருங்க" என்றார்.

பாண்டியராஜன் ஸ்பீக்கரைப் போட்டு நம்பரை அழுத்தினான். வேல்விழி தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். மணி அடித்தது. "வணக்கம்" என்றது ஒரு பெண்குரல்.

அடுத்த வார்த்தை வருவதற்குள் பெத்துராஜ் பாய்ந்துபோய் ரம்ப மிஷினைப் போட்டுவிட்டான். கடையே அலறியது.

"பாத்தீங்களா, களவாணிப்பய!" என்று கத்தினார் தங்கப்பழம்.

பாண்டியராஜன் போனைக் காதில் அழுத்திக்கொண்டான்.

"...தொழுநோய்ப் பிரிவு, நர்ஸ் ஷீலா பேசுதேன். யாரு அனுப்புனா, பெத்துராஜ் அண்ணாச்சியா? கையில உணர்ச்சி இல்லாதவங்களைக் கண்டா அவுகதான் எங்க நம்பரைக் குடுப்பாக. பயப்படாதீங்க. முதல்ல டெஸ்ட் பண்ணிப் பாப்போம். அதுவாவே இருந்தாலும் சீக்கிரம் வந்துட்டா ஆறு மாச மாத்திரையிலயே குணமாயிரும். வெளிய யாருக்கும் தெரிய வேண்டாம். பெத்துராஜ் அண்ணாச்சியும் இங்கன மாத்திரை சாப்பிட்டுக் குணமானவுகதான்."

பாண்டியராஜன் போனை வைத்தபிறகுதான் பெத்துராஜ் மிஷினை நிறுத்தினான்.

"யாரு அண்ணாச்சி அந்தப் பொம்பளை?" என்றார் தங்கப்பழம்.

பெத்துராஜ் பாண்டியராஜனைப் பார்த்தான். வேண்டாம் என்று லேசாகத் தலையை அசைத்தான். களவாணிப் பெயர் தன்மேலேயே இருந்துவிட்டுப் போகட்டும் என்பதுபோல இருந்தது அது.

"தப்பு என்மேலதான்" என்றான் பாண்டியராஜன், கடையில் எல்லோருக்கும் கேட்கும்படி. "நான்தான் கூறுகெட்டதனமா நெனைச்சுட்டேன். இவரு தங்கமான மனுசன்."

பெத்துராஜின் சட்டையில் கசங்கியிருந்த இடத்தை நீவிவிட்டான். வேறு என்ன செய்வதென்று அவனுக்குத் தெரியவில்லை.

வெளியே பைக்குக்குப் பக்கத்தில் வந்ததும் மனைவியின் கையைப் பிடித்தான். சுண்டுவிரலில் மரச்சிலாம்பு ஒன்று ஏறி, ரத்தம் துளிர்த்திருந்தது. அவள் அதை உணரவே இல்லை.

நர்ஸ் சொன்னதையெல்லாம் மெல்லச் சொன்னான்.

"எத்தனை நாளாட்டி இப்படி மரத்துக் கெடக்கு?"

வேல்விழி அந்தச் சிலாம்பைப் பிடுங்கி எறிந்தாள்.

"ஆறு மாசமா. ஒங்ககிட்டச் சொல்லப் பயந்துக்கிட்டுத்தாங்க, துப்பாக்கி மேல பழியைப் போட்டேன்."