எந்த நுமீசியா?

நுமீசியஸ் சந்தையிலிருந்து மூச்சிரைக்க ஓடிவந்தார். "தங்கச்சி, எண்ணெய் வியாபாரி ஒப்பியஸ் நம்ம நுமீசியாவைப் பொண்ணு கேட்டுச் சாயங்காலம் வர்றார்!"

"எந்த நுமீசியாண்ணா?"

"அதைக் கேக்க மறந்துட்டேனே!"

பண்டைய ரோமில் அப்பாவின் குலப்பெயர்தான் பெண்ணுக்கும் பெயர். நுமீசியஸின் மூன்று மகள்களுமே நுமீசியாக்கள். மூன்றாவதைப் பெற்றபோது தாய் இறந்துவிட்டாள். கணவரை இழந்து பிறந்த வீட்டுக்கே வந்துவிட்ட அத்தைதான் மூவரையும் வளர்த்தாள்.

"எதுக்கும் மூணு பேரும் தலை வாரிக்கங்கடி" என்று விரட்டினாள் அத்தை.

மாலையில் ஒப்பியஸ் வந்தார். பெண்கள் வரிசையாக நின்றார்கள்.

"மூத்தவளா?" என்று கேட்டார் நுமீசியஸ்.

"இல்லைங்க."

"நடுவுல உள்ளவளா?"

"இல்லவே இல்லைங்க."

நுமீசியஸுக்குக் கோபம் வந்தது. "யோவ், கடைக்குட்டிக்குப் பத்து வயசுதான்யா ஆகுது!"

ஒப்பியஸ் நெளிந்தார். "நான் கேக்கறது உங்க அப்பா பெத்த நுமீசியாவைங்க. உங்க தங்கச்சியை."

தேன் அப்பத் தட்டுடன் வந்த அத்தையின் முகம் சிவந்தது. "நல்லா இருக்கே! இந்த மூணையும் விட்டுட்டு நான் எங்கே போறது?"

"அடுத்த தெருவுக்குத்தானே அத்தை!" என்றாள் மூத்தவள். "எண்ணெய் வாங்கப் போனா நீ சிரிச்சுப் பேசறது அவர்கிட்ட மட்டுந்தான். அதான் நாங்களே வரச் சொன்னோம்."

அத்தை சிரிப்பை மறைக்கத் தலையைக் குனிந்துகொண்டாள். கடைக்குட்டி தட்டை வாங்கி ஒப்பியஸிடம் நீட்டினாள்.

"எடுத்துக்குங்க, மாமா."