இடது பூட்ஸ்

“சாயங்காலம் ஃபைனல். இது இல்லேன்னா எனக்குக் கோலே வராதுண்ணா.”

வெளிநாட்டு கிளப்பின் ஸ்ட்ரைக்கர், அடி பிளந்த இடது பூட்ஸை நீட்டினார். செருப்பு தைப்பவர் அதைத் திருப்பிப் பார்த்தார்.

“அடிக்கிறது வலது கால்தானே? அப்ப பாரம் மொத்தமும் இந்த இடது கால்லதான் நிக்கும். இது வழுக்கினா பந்து வானத்துக்குப் போகும். ரெட்டைத் தையல் போடறேன்.”

“நீங்க எங்க பக்கமா?”

“எங்க ஊர் டீம் பக்கம். அதுக்காகத் தையல்ல ஓரவஞ்சனை பண்ண முடியுமா தம்பி?”

வளரும் கால்பந்து நாடுகளின் கிளப் கோப்பை அது; ஆடுபவர்களில் பலருக்குப் பிழைப்பு வேறு. கடைசி நிமிடத்தில் பெனால்டி. பந்தை வைத்து நிமிர்ந்த ஸ்ட்ரைக்கர் மலைத்துப்போனார். கோல் வாசலில் கையுறையோடு நின்றவர், காலையில் பூட்ஸ் தைத்தவர்.

இடது கால் இம்மியும் வழுக்கவில்லை. பந்து வலைக்குள் பாய்ந்தது.

விழுந்த இடத்திலிருந்து எழுந்த கோல்கீப்பர் பூட்ஸைத்தான் பார்த்தார்.

“தையல் தாங்குச்சா தம்பி?”