இடது கை மரியாதை

"மடக்கல், நீட்டல், விலக்கல், சுழற்றல்..."

பிசியோதெரபி பரீட்சைக்காக மூட்டு அசைவுகளை முணுமுணுத்தபடி, கானா நாட்டின் குமாசி நகர ஆஸ்பத்திரி வராந்தாவில் நடந்துகொண்டிருந்தான் ஒபெங். கையிலிருந்த புத்தகம் நழுவி விழுந்தது. பெஞ்சில் இருந்த ஒரு வயதான அம்மாள் அதை எடுத்து நீட்டினாள், இடது கையால்.

அவன் வாங்கவில்லை.

"என்னம்மா, இடது கையால நீட்டுறீங்க? நான் என்ன நாயா? வயசானவங்களே இப்படிப் பண்ணலாமா?"

"நல்லாக் கேளு தம்பி!" என்றது பக்கத்து பெஞ்ச்.

அம்மாள் புத்தகத்தைக் கீழே வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

பரீட்சை அறைக்குள், அத்தனை அசைவுகளையும் கடகடவென்று ஒப்பித்தான் ஒபெங். தேர்வாளர் சிரித்தார்.

"பேரெல்லாம் பிரமாதம்ப்பா. ஆளைப் பார்த்ததும் எந்த அசைவு போச்சுன்னு தெரியணும், அதுதான் பரீட்சை. நோயாளியைக் கூப்பிடு."

கதவைத் திறந்துகொண்டு வந்தது அதே அம்மாள்.

"வலது கையைத் தூக்குங்கம்மா..." என்றான் ஒபெங்.

அவள் இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கினாள்.

"கோவிச்சுக்காதப்பா. இதையும் நான் இடது கையாலதான் தூக்கணும்."