ஆதாரம் இருக்கா?

“பொய்.”

அவளுடைய பதிவின் கீழே விழுந்த முதல் பதில் அந்த ஒற்றைச் சொல்தான். எழுதியவர் ‘நடுநிலை’. பெயரில் மட்டும்தான் நடுநிலை. அரசை யார் எது கேட்டாலும் குறுக்கே வந்து விழுகிற ஆசாமி. ஊரார் முகநூல் குழுவில் அவருக்கு அவள் சூட்டியிருந்த பட்டம் ‘சொம்பு’.

அவள் எழுதியிருந்தது இதுதான்: “காலையில் அடித்த காற்றில் எங்கள் தெருவுக்கு மின்சாரம் போனது. மதியமாகியும் வரவில்லை. என் மாமனார் ஆக்சிஜன் மெஷினை நம்பி உயிரோடு இருக்கிறவர். தனியாரிடம் மின்சாரம் வாங்க ஒப்பந்தத்துக்கு மேல் ஒப்பந்தம் போடும் அரசுக்கு, இற்றுப்போன கம்பியை மாற்ற மட்டும் மனம் வராதா? யார் பதில் சொல்வது?”

கல்லூரியில் பொருளாதாரம் நடத்துகிறவள். எழுத்தில் தயவு தாட்சண்யம் கிடையாது.

மெஷின் நின்றுவிட்டதால், அவசரத்துக்கென்று வைத்திருந்த ஒரே சிலிண்டரில் மாமனார் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். அதன் முள் சிவப்பைத் தொட்டுவிட்டது.

“என்னங்க, எடுத்தாங்களா?”

“புகார் நம்பர்ல பாட்டுதான் ஓடுது. ஆம்புலன்ஸ்ல கேட்டா, ரோட்ல மரம் விழுந்திருக்கு, சுத்தி வரோம்ங்கறாங்க,” என்றான் கணவன். “இந்த நேரத்துல நீ என்ன போனை நோண்டிக்கிட்டு?”

“நம்ம நிலைமை பொய்யாம்ங்க! பொய்யாம்!”

கட்டிலில் இருந்தவர் முகமூடியை லேசாக விலக்கினார். “யாரும்மா... சொம்பா?”

“ஆமா மாமா. நீங்க பேசாதீங்க.”

“விடாத... நல்லாக் கேளு.” முகமூடியை மறுபடி பொருத்திக்கொண்டார்.

அவள் குழுவில் கேட்டாள்: “உனக்கு மனசாட்சி இருக்கா?”

“மனசாட்சி இருக்கட்டும் மேடம், ஆதாரம் இருக்கா? எந்தத் தெரு? எந்தக் கம்பம்? நம்பர் தெரியற மாதிரி படம் போடுங்க பார்ப்போம். வீட்ல உக்காந்துக்கிட்டு அரசியல் பண்றது சுலபம்.”

குழு கொதித்தது. ‘மூச்சுத் திணறுகிறவரிடம் ஆதாரமா?’ என்றார் ஒருவர். ‘இந்த ஜென்மத்தைக் குழுவைவிட்டு நீக்குங்கள்’ என்றார் இன்னொருவர்.

அவள் செருப்புக்கூடப் போடாமல் தெருமுனைக்கு ஓடினாள். கம்பத்திலிருந்து கம்பி அறுந்து தொங்கியது. எட்டி நின்றே, மஞ்சள் பெயின்டில் எழுதிய எண்ணோடு படம் பிடித்தாள். தெருப் பெயரையும் வீட்டு எண்ணையும் சேர்த்து அவர் முகத்தில் எறிவதுபோல் போட்டாள். “இந்தா ஆதாரம். கண் இருந்தா பாரு.”

“பழைய படமா இருக்கும். டிரான்ஸ்ஃபார்மர் நம்பர் எங்க?”

பல்லைக் கடித்துக்கொண்டு அதையும் படம் எடுத்துப் போட்டாள். கூடவே, வகுப்பில் சொல்ல முடியாத இரண்டு வார்த்தைகளையும்.

அதற்குப் பிறகு பதிலே இல்லை. வாயடைத்துப்போய்விட்டார் என்று முடிவு கட்டினாள்.

வீடு திரும்பியபோது மாமனாரின் உதடு கறுக்கத் தொடங்கியிருந்தது. கையைப் பிடித்துக்கொண்டாள். கணவன் வாசலுக்கும் கட்டிலுக்கும் நடந்துகொண்டே இருந்தான்.

தெருமுனையில் ஒரு வண்டி வந்து நின்ற சத்தம். ஏணி இறங்கும் ஓசை. யாரோ யாருக்கோ, “இந்தக் கம்பம்தான், ஏறு!” என்று கத்தினார்கள்.

சிலிண்டர் முள் படுத்துவிட்ட நேரத்தில் மின்விசிறி முனகிக்கொண்டு சுற்றியது. மெஷின் ஒரு முறை கூவிவிட்டு இரைய ஆரம்பித்தது.

மாமனாரின் மார்பு மெல்ல ஏறி இறங்கியது. உதட்டுக்கு நிறம் திரும்பியது. பிறகு வந்து சேர்ந்த ஆம்புலன்ஸ்காரர் சோதித்துப் பார்த்து, “பயமில்ல” என்றார்.

கணவன் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். “இந்த மெஷின் போடற சத்தத்துல தூங்க முடியலன்னு எத்தனை நாள் திட்டியிருப்பேன்!”

வெற்றிப் பதிவு போட அவள் போனை எடுத்தாள். தனிச் செய்தி ஒன்று காத்திருந்தது. அனுப்பியவர் சொம்பு.

“மாமாவுக்கு மூச்சு சீராச்சா மேடம்?”

“நீ யாரு?”

“மின்சார ஆபீஸ் கட்டுப்பாட்டு அறையில வேலை. காத்தடிச்சா எங்க போன் லைன் எல்லாம் அடைச்சுக்கும். எந்தக் கம்பம்னு தெரிஞ்சாத்தான் ஆளை அனுப்ப முடியும். தயவுசெஞ்சு சொல்லுங்கன்னு முதல்ல குழுவுல கேட்டுப் பார்த்தேன், யாரும் மதிக்கல. பொய்னு சொன்னா போதும், ஓடிப்போய்ப் படமே எடுத்துப் போடறாங்க.”

“யாருன்னு சொல்லிட்டே கேக்கலாமே?”

“வேலையில இருக்கறவங்க இங்க வாய் திறக்கக் கூடாதுன்னு உத்தரவு.”

“அப்போ நான் எழுதினது?”

“அத்தனையும் நிஜம். கம்பியை மாத்துங்கன்னு நாங்களும் மேல கேட்டுக்கிட்டேதான் இருக்கோம். இனி அவசரம்னா நம்பரை எனக்கே அனுப்புங்க, ஆனா எழுதறத மட்டும் நிறுத்திடாதீங்க.”

அவள் நிறுத்தவில்லை. மறுநாளே, கம்பி மாற்றாததற்குப் பொறுப்பு யார் என்று முன்னைவிடக் காட்டமாக எழுதினாள். ‘ஆதாரம் இருக்கா?’ என்று சொம்பு வந்து நின்றார். அவளும் வழக்கம்போல் திட்டினாள்.

அடுத்த மழையில் யாரோ ஒருவர் எழுதினார்: “எங்க பக்கம் கரண்ட் இல்லை. கைக்குழந்தையோடு இருட்டில் இருக்கிறோம். இந்த அரசு விளங்குமா?”

சொம்பைக் காணவில்லை. அன்று அவருக்கு விடுமுறை போலும். அவள் சற்றுக் காத்திருந்தாள். பிறகு தட்டினாள்:

“பொய். ஆதாரம் இருக்கா? எந்தக் கம்பம்?”

‘இவளும் விலைபோய்விட்டாள்!’ என்று குழு காறித் துப்பியது. தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்த கணவன் திகைத்துப்போனான்.

“என்னம்மா இது, கட்சி மாறிட்டியா?”

“சும்மா இருங்க,” என்றாள் அவள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். “எழுதினவருக்கு இன்னும் கொஞ்சம் கோபம் வரட்டும். கம்பத்து நம்பர் வந்துடும்.”