இரவல் தொண்டை

எதிர்த்து நிற்கும் ஏலக்காரருக்குத் தொண்டை போய்விட்டது, வேட்புமனுவை வாபஸ் வாங்கப் போகிறார் என்று கேள்விப்பட்டதும், எம்.எல்.ஏ. சாப்பிட்ட கையைக்கூடக் கழுவாமல் ஓடினார்.

"மாமா, நல்ல சேதிதானே? போட்டியே இல்லாம ஜெயிச்சிடலாம்!" என்று பின்னாலேயே ஓடினான் மச்சான். எம்.எல்.ஏ.வின் மனைவிக்குத் தம்பி. தேர்தல் வேலை முழுக்க அவன் பொறுப்பு.

"மடையா! போட்டி இல்லேன்னா ஓட்டு எண்ண மாட்டாங்க. ஓட்டு எண்ணலேன்னா வித்தியாசம் எங்கேருந்து வரும்?"

அவர் கவலை அவருக்கு. ஐந்து தேர்தல், ஐந்திலும் வெற்றி. ஒவ்வொரு தடவையும் ஓட்டு வித்தியாசம் ஏறிக்கொண்டே போனது. ஆறாவதில் மாநிலத்திலேயே பெரிய வித்தியாசம் தன் தொகுதியில்தான் இருக்க வேண்டும் என்று ஒரு வெறி. அதற்குத் தோற்க ஒரு ஆள் வேண்டாமா? ஐந்து தடவையும் சலிக்காமல் தோற்றுக் கொடுத்த புண்ணியவான் இந்த ஏலக்காரர் ஒருத்தர்தான். பழைய மேஜை, நாற்காலி ஏலம் விடுகிறவர். கட்சி கிடையாது, போஸ்டர் கிடையாது. இருந்த ஒரே சொத்து தொண்டை. அதுவும் இப்போது மக்கர்.

விலை போகாத சோபா ஒன்றில், கழுத்தில் மஃப்ளரோடு உட்கார்ந்திருந்தார் ஏலக்காரர்.

"பேசவே கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார்," என்றார், வெறும் காற்றாக. "பிரசாரம் இல்லாம எப்படி நிக்கறது?"

"யோவ், இப்படி நட்டாத்துல விடலாமாய்யா?" எம்.எல்.ஏ.வுக்குக் கண்ணே கலங்கிவிட்டது. "நீ காதுல சொல்லு. நான் மைக்ல சொல்றேன்."

"உங்களைத் திட்டணுமே, சார்?"

"தாராளமாத் திட்டு! இத்தனை வருஷம் நீ திட்டி நான் தோத்தேனா?"

அப்புறம் நடந்தது சுத்தக் கூத்து. காலையில் எம்.எல்.ஏ. தனக்கு ஓட்டுக் கேட்டார். சாயங்காலம் மாலையைக் கழற்றி மச்சான் கையில் கொடுத்துவிட்டு, ஏலக்காரரின் லொடலொட வேனில் ஏறி, அவர் வாயருகே காதைக் கொடுத்து, தன்னைத் தானே திட்டினார்.

முதல் நாள் ரோடு.

"அஞ்சு தடவை ஓட்டுப் போட்டீங்களே, அஞ்சு அடி ரோடு போட்டாரா உங்க எம்.எல்.ஏ.?"

கைதட்டல் என்றால் அப்படி ஒரு கைதட்டல்! பிரியாணி வாங்கிக் கொடுத்துத் தட்ட வைத்தது இல்லை, தானாக வந்தது. எம்.எல்.ஏ. அசந்துபோய் நின்றார்.

மறுநாள் தண்ணீர்த் தொட்டி. ஏலக்காரரின் வாய் அசைந்தது. எம்.எல்.ஏ. முழங்கினார்.

"தொட்டி கட்டினார், சரி. திறப்பு விழாவுக்கு முந்தின நாள் லாரியில தண்ணி கொண்டுவந்து ஊத்தினாரே, அதைச் சொன்னாரா?"

அதற்கும் அடுத்த நாள் சட்டசபை.

"அத்தனை வருஷத்துல ஒரே ஒரு தடவைதான் அங்கே வாயைத் திறந்தார். எதுக்கு? ஃபேனைக் கொஞ்சம் கூட்டி வைக்கச் சொல்லி!"

ஊரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. காலைக் கூட்டத்தில் ஈ ஓட்டிய சொந்தக் கட்சிக்காரர்கள்கூட, தலைவர் பேச்சைக் கேட்கச் சாயங்காலம் முண்டியடித்தார்கள்.

மச்சான் மாமாவைத் தனியாக இழுத்துக்கொண்டு போனான்.

"மாமா, லாரித் தண்ணி விஷயம் நம்ம வீட்டு வாசலைத் தாண்டிப் போனதே இல்லை. அந்த ஆளுக்கு யாரோ போட்டுக் கொடுக்கறாங்க!"

டிரைவரைக் குடைந்தான். சமையல்காரரை மிரட்டினான். கடைசியில் அக்காவையே சந்தேகப்பட்டு, கன்னத்தில் ஒன்று வாங்கிக்கொண்டான்.

"யார் மேலேயும் பழி போடாதே," என்றார் எம்.எல்.ஏ., அவன் முகத்தைப் பார்க்காமல். "அவர் சொல்றார், நான் சொல்றேன். ஒலிபெருக்கிக்கு ஏதுப்பா சொந்த வாய்?"

கடைசி நாள் ஆஸ்பத்திரி.

"டாக்டர் வேணும்னு கைக்குழந்தையோட பொம்பளைங்க அவர் வீட்டு வாசலுக்கு வந்தாங்க. வெயில்ல நின்னாங்க. உள்ளே படுத்துக்கிட்டு, வெளியூர் போயிட்டார்னு சொல்லச் சொன்னார். அவங்க நம்பித் திரும்பிப் போனாங்க..."

மைக்கில் குரல் உடைந்தது. யாரும் கைதட்டவில்லை. ஒரு பெண் மட்டும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பாவம், ஏலக்காரருக்கு எவ்வளவு நல்ல மனசு!" என்றாள்.

எம்.எல்.ஏ. ஆசைப்பட்டது அப்படியே நடந்தது. மாநிலத்திலேயே பெரிய வித்தியாசம் அந்தத் தொகுதியில்தான்.

ஜெயித்தது ஏலக்காரர்.

மாலை வாடுவதற்குள் தோற்றவர் வீட்டுக்கு வந்தார் அவர். தொண்டை ஓரளவு சரியாகியிருந்தது. மச்சான் பாய்ந்தான்.

"உதவி பண்ணினவர் காதுலயே விஷத்தை ஊத்திட்டீங்களே, மனுஷனா நீங்க? ரோடு சரி, ஊருக்கே தெரியும். தொட்டி, சட்டசபை, ஆஸ்பத்திரி, இதெல்லாம் உங்களுக்கு யார் சொன்னது?"

"அவரை விடு மச்சான்," என்றார் எம்.எல்.ஏ. மெதுவாக.

"நீங்க சும்மா இருங்க மாமா! எனக்கு இன்னிக்கு ஆள் யாருன்னு தெரிஞ்சாகணும்!"

ஏலக்காரர் திருதிருவென்று விழித்தார். எம்.எல்.ஏ.வை ஒரு தரம் பார்த்துவிட்டுத் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"தம்பி, நான் சொன்னது ரோடு மட்டும்தான். மறுநாள்லேருந்து எனக்குக் காத்துகூட வரலை. தெரிஞ்சா சார் வேனை விட்டு இறங்கிடுவாரோன்னு பயந்து, சும்மா வாயை அசைச்சுக்கிட்டு இருந்தேன்."